திரம் என்ற சொல்லுக்கு ஒரு மாதம்

நாரிச் நகரத்தின் ஆற்றோரத் தெருக்களில் கெசையா லார்ட்டரைத் தெரியாத சால்வைக்காரர்கள் கிடையாது. புருஷன் ரூபன் நெய்து இறக்குவான். அவள் ஓரத்து நூல்களைப் பிரித்து, முறுக்கி, முடிச்சிட்டுக் குஞ்சம் கட்டுவாள். அந்த வேலைக்கு அங்கே பழம்பெயர்கள் உண்டு. ஓரத்தை அலங்கரிப்பது ‘பர்ஃபில்’ பண்ணுவது. துணியை அறுத்தெடுத்தபின் தறியில் மிஞ்சி நிற்கும் பாவு முனைகள் ‘திரம்’. அவற்றால் குஞ்சம் வைப்பதற்கும் அதே பெயர்தான். சாண் நீளம் தேறாத அந்த முனைகள் நெய்தவன் வீட்டுக்கே சேரும் என்பது தொன்றுதொட்ட வழக்கம். நாயில்லாத வீடு அந்தத் தெருவில் இருந்தது. திரம் இல்லாத வீடு இல்லை.

1829ஆம் வருஷம், வீட்டுக்குத் தறியும் நூலும் கொடுத்து நெய்யவைக்கும் பட்டறை கைமாறியது. மிச்சம் மீதி எல்லாம் முதலாளிக்கே சொந்தம் என்று புதியவர் கதவில் தாள் ஒட்டினார். பாதிப் பேருக்குப் படிக்கத் தெரியாது. தெரிந்தவர்கள் சிரித்துவிட்டுப் போனார்கள்.

அந்த வசந்தத்தில் காய்ச்சல் வந்தது. மூன்று பிள்ளைகளில் கடைக்குட்டி, நாலு வயது ஹெப்சிபா, மூன்றே நாளில் போய்விட்டாள். சர்ச்சிலிருந்து கோடித்துணி கொடுத்தார்கள். சாக்கைவிட ஒரு படி மேல், அவ்வளவுதான். கெசையா பிள்ளையைக் குளிப்பாட்டிக் கிடத்திவிட்டு, நீலமும் மஞ்சளுமாகப் பட்டுத் திரத்தை எடுத்துக்கொண்டு, கோடியில் குஞ்சம் வைக்கப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“மொகத்த மூடிரு கெசையா, ஈ வருது” என்றாள் பக்கத்து வீட்டு டைனா.

“இரு, இந்த ஓரம் முடியட்டும். வெறுஞ் சாக்குல என் பிள்ளைய அனுப்ப மாட்டேன்.”

உச்சிப்பொழுதில் பட்டறை மேஸ்திரி, தர்ட்டில் என்பவன், சால்வை கேட்டு வந்தான். துக்க வீடு என்று தொப்பியைக்கூடக் கழற்றினான். பிறகுதான் குஞ்சத்தைப் பார்த்தான்.

“இந்தப் பட்டு ஏது?”

“திரம், மேஸ்திரி. தறியில மிஞ்சினது.”

“திரமாவது மண்ணாவது! நம்ம பட்டறைச் சாயம் எனக்குத் தெரியாதா?”

அவள் மடியிலிருந்த கத்தரிக்கோலையே எடுத்து, நாலு பக்கமும் குஞ்சத்தை வெட்டினான். இழுத்த இழுப்பில் பிள்ளையின் பாதம் வெளியே வந்தது. கெசையா அதை மூடினாள். ரூபன் சுவரோரமாக நின்றான், அசையவில்லை. அன்று சாயங்காலமே அவளைக் காவலர் கூட்டிப்போனார்கள். ஹெப்சிபாவைப் புதைக்கும்போது தாய் அங்கே இல்லை.

வழக்கு மன்றத்தில் அந்தக் குஞ்சம் ஒரு தாளில் சுற்றி மேசைமேல் கிடந்தது.

“அதுக்குப் பேர் என்ன?” என்றார் நீதிபதி.

“திரம், அய்யா. நெய்தவனுக்குச் சேர்றது.”

குமாஸ்தா புத்தகத்தைப் புரட்டினான். “அப்படி ஒரு வார்த்தை சட்டத்துல இல்லீங்க அய்யா. நூல்னுதான் இருக்கு.”

ரூபனைக் கூப்பிட்டார்கள். முந்தின நாள் தர்ட்டில் அவனைத் தேடி வந்து, “யோசிச்சுப் பேசு. உன் தறியில உக்கார நாளைக்கே ஆள் இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

“நீ சொல்லு. இது என்ன?” என்றார் நீதிபதி.

“முதலாளி நூலுங்க, அய்யா.”

“ரூபன், என்னப் பாத்துச் சொல்லு!” என்று கூண்டிலிருந்து கத்தினாள் கெசையா. அவன் கையிலிருந்த தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு மாதம் கடுங்காவல். தாரில் ஊறிய கப்பல் கயிற்றை நகத்தால் பிய்த்துப் பஞ்சாக்கும் வேலை. வெளியே வந்தபோது விரல் நுனிகள் அரம்போல ஆகியிருந்தன; பட்டைத் தொட்டால் இழை பிடித்துக்கொண்டது.

ரூபன் மாவுருண்டை வேகவைத்துக் காத்திருந்தான். “ரெண்டு பிள்ளைங்க இருக்கே கெசி. நான் என்ன பண்ணுவேன்?”

“தெரியும். உன் எடத்துல நான் இருந்தாலும் அதையே சொல்லிருப்பேனோ என்னவோ. ஆனா அந்தத் தறிச் சத்தம் கேக்குற வீட்டுல என்னால இருக்க முடியாது.”

இரண்டு பிள்ளைகளோடு நடந்தே யார்மத் துறைமுகம் போனாள். அங்கே மீனைப் புகையில் வாட்டும் கூடத்தில் ஹெரிங் மீன்களைச் செவுள் வழியாகக் குச்சியில் கோக்கும் வேலை. அதற்கு மென்மையான விரல் தேவையில்லை.

ஆறு வருஷம் கழித்து ரூபன் வந்து வாசலில் நின்றான். சால்வைக்குக் கிராக்கி விழுந்து தறி போயிருந்தது. கன்னம் ஒட்டியிருந்தது.

“சாப்டியா?” என்றாள் அவள்.

இல்லையென்று தலையாட்டினான். ரொட்டியும் இரண்டு மீனும் கொடுத்தாள். நின்றபடியே தின்றான்.

“இங்க ஏதாச்சும் வேல...”

“உப்பு தூக்க ஆள் கேக்குறாங்க. போய்க் கேளு. என் பேரச் சொல்லாத.”

இருமல் கொண்டுபோகும்வரை ஒன்பது வருஷம் அவன் அங்கே உப்பு சுமந்தான். பிள்ளைகள் அவனை அப்பா என்று கூப்பிட்டார்கள்; அவள் தடுக்கவில்லை. ஆனால் ஒரு கூரையின் கீழ் அவர்கள் மறுபடி வாழவுமில்லை. அறுபத்தெட்டு வயதுவரை கெசையா மீன் கோத்தாள்.