பவளம் வெளுத்த நாள்

குமுளியில் ஏலக்காய்க் கடையில் வேலை பார்த்த காலத்தில் என் அறையில் ஒரு கடல்நீர்த் தொட்டி இருந்தது. மான்கொம்பு போலக் கிளைவிடும் பவளங்களை அதில் வளர்த்தேன். விரல் நீளத் துண்டுகளாக வந்தவை சிறு புதர்களாகி, நுனிகளில் ஊதா ஏறியிருந்தது. தண்ணீர் கொஞ்சம் சூடானாலும் தாங்காதவை. மலைக்குளிர் அவற்றுக்கு ஒத்துக்கொண்டது.

ஊரிலிருந்து ஒருமுறை வந்த அப்பா வெகுநேரம் குனிந்து பார்த்தார்.

“இது செடியாடா, கல்லா?”

“உசுருங்கப்பா. கடுகாட்டம் இருக்கற உசுருக சேந்து கட்டுன ஊடுங்க.”

“கல்லுக்குச் சோறு போடறவன இப்பத்தான் பாக்கறேன்,” என்று சிரித்தார்.

அடுத்த வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கமும் பேச்சும் போயின. அம்மா ஏற்கெனவே இல்லை, நான் ஒரே பிள்ளை. வேலையை விட்டுவிட்டு ஊருக்கே, மீனாட்சிபுரத்துக்கு, வந்தேன். தொட்டியையும் கொண்டுவந்து அவர் கட்டிலுக்கு எதிரே வைத்து, எங்கள் ஊர் வெயிலுக்காகத் தண்ணீரைக் குளிர்விக்கும் மெஷின் ஒன்றும் மாட்டினேன். நாள் முழுக்க அவர் அதையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சித்திரையில் ஒருநாள் காலை கரண்ட் போய்ப் போய் வந்தது. கொட்டகையில் சினை மாடு கன்று போட முடியாமல் தவித்தது. வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். அப்பா இடக்கையை ஆட்டிக் கத்தினார்.

“தண்ணி வேணுங்களா?”

புகட்டினேன். வாயிலிருந்து வழிய விட்டுவிட்டு மறுபடி கத்தினார். படுக்கை விரிப்பை மாற்றினேன். அப்போதும் நிறுத்தவில்லை.

“சித்த சும்மா இருங்கப்பா. அங்க மாடு சாகப் போகுது!”

சொல்லிவிட்டு ஓடினேன். மாட்டு டாக்டர் வந்து கன்றை இழுத்தெடுக்கும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. தாயும் கன்றும் பிழைத்தன.

கை கழுவி உள்ளே வந்தால், குளிர்விக்கும் மெஷின் நின்றுபோயிருந்தது. தொட்டிக் கண்ணாடி கைக்கு வெதுவெதுவென்றிருந்தது. பவளங்களின் தோல் அடியிலிருந்து உரிந்து நூல்நூலாகத் தண்ணீரில் மிதந்தது. உள்ளே வெறும் வெள்ளைக் கிளைகள். அப்பாவின் குரல் கம்மிப்போயிருந்தது. விரல் தொட்டியை நோக்கியே நீண்டிருந்தது. கன்னமெல்லாம் ஈரம்.

“எனக்குத் தெரியலீங்கப்பா,” என்று அவர் கையைப் பிடித்தேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. தொட்டியைக் காலிசெய்து வெளியே எடுத்து வைத்தேன். பவளம் போனதைப் பின்னாளில் தாங்கிக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து அப்பா எதற்கும் என்னைக் கூப்பிடவில்லை. படுக்கை நனைந்தாலும், நானாகப் பார்க்கும்வரை சத்தமில்லாமல் கிடந்தார். மணிக்கொருதரம் போய், “என்னங்கப்பா வேணும்?” என்று கேட்பேன். என்னைப் பார்ப்பார், அவ்வளவுதான். ஆடியில் அப்படியே போய்விட்டார்.