கொளஞ்சியம்மாள் கேசட்டில் விழுந்த குரல்

கொளஞ்சியம்மாள் சண்டைக்காரி என்று எங்கள் தெருவில் இன்றும் சொல்கிறார்கள். அது தவறு. 1983 ஐப்பசி வரையில் அவள் உரக்கப் பேசி எதிர்வீட்டுக்காரனான நானே கேட்டதில்லை. அதன் பிறகு அவள் கத்தினாள் என்றால், கத்த வைத்தவர்கள் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்து எழுதினால்தான் கணக்கு சரியாகும்.

அவள் செட்டிகுளத்துப் பெண். சிறு வயதிலிருந்தே பிறர் காட்டில் வெங்காயம் பிடுங்கியவள். அரும்பாவூர் உத்திராபதிக்கு வாழ்க்கைப்பட்டாள். அவன் லாரி டிரைவர். லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் மூலமாக 1981இல் குவைத்துக்கு வேலைக்குப் போனான். போகும்போது பெரம்பலூரில் எங்கள் தெருவில் ஓர் ஓட்டு வீட்டில் அவளைக் குடிவைத்துவிட்டுப் போனான். அவள் ரவிக்கை தைத்துக்கொண்டு தனியாக இருந்தாள்.

அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. முதல் வருஷம் உத்திராபதிக்கு அவள் சார்பில் கடிதம் எழுதியவன் நான். கடைசியில் “இன்னும் ஏதாவது எழுதணுமா?” என்று கேட்பேன். வாயைத் திறந்து மூடுவாள். “அவ்ளோதாங்க அய்யா” என்பாள். புருஷனிடம் சொல்ல வேண்டியதை எதிர்வீட்டு ஆளிடம் எப்படிச் சொல்வாள்?

விடுமுறையில் வந்த உத்திராபதி ஒரு டேப் ரெக்கார்டர் கொண்டுவந்து கொடுத்தான். கடிதம் நின்றது. விளக்கு வைக்கும் நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கேசட்டில் பேசுவாள். லப்பைக்குடிக்காட்டிலிருந்து யாராவது குவைத்துக்குத் திரும்பும்போது அவர் பெட்டியில் அந்தக் கேசட்டும் போகும். பேசி முடித்ததை அவள் போட்டுக் கேட்கவே மாட்டாள். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

“அவருக்குன்னு எடுத்து வச்ச சோத்துல நான் வாய் வைக்கலாமாங்க?” என்றாள்.

வினை அந்த வழியாகத்தான் புகுந்தது.

அந்த வருஷம் ஆவணியில் அவள் பக்கத்து மாடி வீட்டுக்குக் குருநாதன் குடிவந்தார். விமானப்படையில் வயர்லெஸ் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டிலேயே ஒரு கருவி கட்டி, அதன் வழியாகப் பல ஊர்க்காரர்களோடு பேசுவது அவருடைய பொழுதுபோக்கு. அதற்கு முறையான லைசென்ஸ் வைத்திருந்தார். அதில் குறை சொல்ல முடியாது. தன் மாடியிலிருந்து பின்பக்கத்துப் புளியமரம் வரை ஏரியல் கம்பி இழுத்தார். கம்பி கொளஞ்சியம்மாள் வீட்டு ஓட்டுக்கு நேர் மேலே போயிற்று. அவர் பேச ஆரம்பிப்பதும் விளக்கு வைக்கும் நேரம்தான்.

முதல் வாரமே அவள் போய்க் கேட்டாள். நான் வாசலில் இருந்தேன்.

“சார், பாட்டு போட்டா பாட்டுக்கு நடுவுல நீங்க பேசுறீங்க.”

“கேட்டுக்கயேம்மா. காசா கேட்டேன்?”

“வெளயாடாதீங்க சார். அந்தக் கம்பியக் கொஞ்சம் தள்ளிக் கட்டுங்க.”

“இது டெல்லி குடுத்த லைசென்ஸ். கம்பி இருக்கற எடத்துலதான் இருக்கும். உன் பெட்டி மட்டமான பெட்டி, அதான் கண்டதையும் இழுக்குது.”

அவள் திரும்பிவந்தாள். பாட்டுக் கேட்பதை விட்டாள். ஆனால் பாட்டில் கலக்கும் குரல், தான் பேசிப் பதிவு செய்யும்போதும் நாடாவுக்குள் போகும் என்று அவளுக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. பதிவு செய்கையில் பெட்டி சத்தமே போடாது.

ஐப்பசியில் ஒரு நாள் பிற்பகல், உத்திராபதியின் அண்ணன் பாவாடையும் தாயார் பொன்னாயியும் அரும்பாவூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். பாவாடையின் கையில் ஒரு கேசட் இருந்தது. அவள் குவைத்துக்கு அனுப்பியது. அதை உத்திராபதி இவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அண்ணனுக்குத் திருப்பி அனுப்பி, ‘இதில் பேசுகிற ஆண்பிள்ளை யார் என்று விசாரி’ என்று எழுதியிருந்தான்.

பாவாடை அதை அவள் பெட்டியிலேயே போட்டான். அவள் பேச்சுக்கு நடுவே, பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல ஓர் ஆண் குரல்: “சாப்பாடு ஆச்சு. கத்திரிக்காக் கொழம்பு, பிரமாதம்.” பிறகு ஒரு சிரிப்பு.

“யாரு புள்ள இவன்?” என்றான் பாவாடை.

“பக்கத்து வூட்டு சாரு, மாமா.”

“பாத்தியாம்மா? கேட்ட ஒடனே பேரு வருது!”

“கொரலு தெரியாதா? தெனமும் எம் பெட்டிக்குள்ள வந்து கத்துறாரு. அவரு வூட்ல பேசுறது இங்க வருது.”

“அவன் வூட்ல தின்ன கத்திரிக்கா ஒன் வூட்டுப் பெட்டியில மணக்குதாக்கும்?” என்றாள் பொன்னாயி.

சத்தம் கேட்டு நான் உள்ளே போனபோது கொளஞ்சியம்மாள் வேறொன்றைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

“இத யார் யாரு கேட்டீங்க?”

பாவாடை குனிந்து பெட்டியை நிறுத்தினான். பொன்னாயிதான் சொன்னாள். “எல்லாருந்தான். ஒம் மச்சாண்டாரு பொண்டாட்டி, பெரியப்பன் வூட்டாளுங்க, நாட்டாமை. விசாரிக்காம வுடுவமா?”

கொளஞ்சியம்மாள் தையல் மிஷினைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கேசட்டில் அவள் புருஷனிடம் என்ன பேசியிருந்தாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. பாவாடை போட்டபோது என் காதிலும் சில வார்த்தைகள் விழுந்தன. அவை என் காதுக்கானவை அல்ல, நாட்டாமை காதுக்கானவையும் அல்ல.

அவள் நேரே குருநாதன் வீட்டு வாசலுக்குப் போனாள். நாங்கள் பின்னால் போனோம்.

“சார், வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. அது நீங்க மிஷின்ல பேசினதுன்னு சொல்லுங்க.”

குருநாதன் என்னைப் பார்த்தார், பாவாடையைப் பார்த்தார். “உங்க குடும்ப வெவகாரத்துக்கு என்னை ஏம்மா இழுக்கற? என் சிக்னல் சுத்தம். நான் வந்து ஒத்துக்கிட்டா, நாளைக்கு எவனாவது புகார் எழுதுவான். லைசென்ஸ் போயிடும்.”

“உங்க லைசென்ஸ் போவக்கூடாது. எம் பேரு போவலாமா?”

அவர் கதவைச் சாத்தினார். படித்த மனிதர். உண்மை அவருக்கு முழுக்கத் தெரியும். ஒரு பெண்ணின் வாழ்க்கையைவிட ஒரு காகிதம் அவருக்குப் பெரிதாக இருந்தது.

கொளஞ்சியம்மாள் அந்தக் கதவை ஓங்கி அறைந்தாள். தெரு அன்றைக்குத்தான் முதன்முதலாக அவள் குரலைக் கேட்டது. என்னவெல்லாம் திட்டினாள் என்று சொல்ல அவசியமில்லை. தகுதியான ஆளைத்தான் திட்டினாள். பிறகு வீட்டுக்கு வந்து, குவைத்துக்குப் பேசி அனுப்ப வாங்கி வைத்திருந்த புதுக் கேசட் ஒன்றை எடுத்துப் பெட்டியில் போட்டாள்.

“விளக்கு வைக்கிற நேரம் வருது. நான் பதிவுப் பொத்தானை அமுக்கிட்டு வெளியில வரேன். அத்த, நீங்களே பூட்டுங்க, சாவி உங்ககிட்ட இருக்கட்டும். மாமா, நீங்க போயி அந்தாளு ஜன்னலோரம் நில்லுங்க. என்ன பேசுறாருன்னு நல்லாக் கேட்டு வச்சிக்குங்க.”

வீடு பூட்டப்பட்டது. தெருவே வெளியில் நின்றது. கொளஞ்சியம்மாள் வாசற்படியில் உட்காரக்கூட இல்லை. மாடியில் குருநாதன் வழக்கம்போல ஆரம்பித்தார். பாவாடை ஜன்னலுக்குக் கீழே காதைக் கொடுத்து நின்றான். கொஞ்ச நேரம் கழித்து அவளே கதவைத் திறக்கச் சொன்னாள். ஆளில்லாத வீட்டில் ஓடிய நாடாவைத் திருப்பிப் போட்டாள்.

“…முட்டி வலிக்கு வெளக்கெண்ணெய் தேச்சிட்டிருக்கேன். அங்க மழை எப்படி? ஓவர்.”

தெருவில் யாரோ சிரித்தார்கள். பாவாடை சிரிக்கவில்லை. “இதேதாம்மா” என்றான் தாயாரிடம். “வெளக்கெண்ணெய்னுதான் சொன்னாரு.” பிறகு இவள் பக்கம் திரும்பி, “சரி வுடு கொளஞ்சி. தெரியாம நடந்துபோச்சு” என்றான்.

“எத மாமா வுடுறது? நாளைக்கு அரும்பாவூர் வரேன். அன்னிக்கு யார் யாரு கேட்டாங்களோ அத்தன பேரும் வந்து குந்தி இதயும் கேக்கணும். ஒரு ஆளு கொறையக்கூடாது. அய்யா, டெல்லிக்கு ஒரு புகாரு எழுதிக் குடுங்க.”

கடைசி வாக்கியத்தை அவள் மாடியைப் பார்த்துச் சொன்னாள்.

மறுநாள் விடிந்ததும் குருநாதன் கூப்பிடாமலே வந்தார். கம்பியை அவிழ்த்துத் தன் கொல்லைப் பக்கமாக மாற்றிக் கட்டினார். அவள் பெட்டியின் கரண்ட் ஒயரை ரேடியோ அலையைத் தடுக்கும் ஒரு கருப்பு வளையத்தில் சில சுற்றுச் சுற்றினார். மாடிக்குப் போய்ப் பேசிக் காட்டினார். பெட்டியில் மூச்சு இல்லை. எல்லாம் நான் குளித்துவிட்டு வருவதற்குள் முடிந்துவிட்டது.

“இவ்ளோதானா சார்?” என்றாள் கொளஞ்சியம்மாள். “முதல் நாளே வந்து கேட்டனே. இவ்ளோதானா?”

அவர் தலையைக் குனிந்துகொண்டு போனார். புகாரை நான் எழுதினேன். அவள் அனுப்ப வேண்டாம் என்று சொல்லவில்லை, நான் அனுப்பினேன். அதற்காக இன்றுவரை வருத்தமில்லை.

அரும்பாவூரில் நாட்டாமை உள்பட அத்தனை பேரும் உட்கார்ந்து விளக்கெண்ணெய்ப் பேச்சைக் கேட்டார்கள். முடிந்ததும் அவள் பழைய கேசட்டை வாங்கி, நாடாவை விரலால் இழுத்து உருவி, முற்றத்தில் நெல் அவிந்துகொண்டிருந்த அடுப்பில் போட்டாள். நாற்றம் தாங்காமல் பொன்னாயி முந்தானையால் மூக்கைப் பொத்தினாளாம். புதுக் கேசட் குவைத்துக்குப் போயிற்று. அதில் குருநாதன் குரல் மட்டும்தான். கொளஞ்சியம்மாள் ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை.

அடுத்த வருஷம் விடுமுறையில் வந்த உத்திராபதி திரும்பக் குவைத்துக்குக் கிளம்புவதற்கு முன்பு, என் எதிரிலேயே கேட்டான். “இன்னும் ஏன் கேசட்ல பேச மாட்டேங்கற? பெட்டி நல்லாத்தான இருக்கு?”

“பெட்டி நல்லாத்தான் இருக்கு” என்றாள் அவள்.

அவன் போன பிறகு பழையபடி என்னிடம் கடிதம் எழுத வந்தாள். நலம், மழை உண்டு, தையல் வேலை வருகிறது. எழுதிவிட்டு, “இன்னும் ஏதாவது எழுதணுமா?” என்றேன்.

“அவ்ளோதாங்க அய்யா” என்றாள். இந்த முறை வாயைத் திறந்து மூடவில்லை.