சுவரைப் பார்த்து உட்கார வைத்தவர்

இந்த நாட்டில் 'போலே' என்று ஒரு மலாய்ச் சொல் உண்டு. முடியும், ஆகட்டும், சரி, எடுத்துக்கொள், எல்லாவற்றுக்கும் அது ஒன்றே போதும். காது மந்தமான ஆளுக்கு இதைவிட வசதியான பாஷை கிடைக்காது. கூலிம் என்ற ஊரில் ஒரு தமிழ் முதலாளியின் மசாலா மில்லில் வேலை செய்யும் நான், எதிரே இருப்பவர் வாயசைத்து முடித்ததும் 'போலே' சொல்லியே ரொம்பக் காலத்தை ஓட்டிவிட்டேன். ஒருநாள் ஒரு மலாய்க்கார அம்மா மிளகாயைத் தனியாக அரைக்கச் சொல்லியிருக்கிறார். நான் போலே சொல்லிவிட்டு மல்லியோடு சேர்த்து அரைத்துக் கொடுத்துவிட்டேன். முதலாளி திட்டியதும் நல்லவேளையாகப் பாதிதான் கேட்டது.

"அண்ணே, ஒங்களுக்கு காது போயிருச்சுலா. போயி செக் பண்ணுங்க" என்றார் மல்லிகா. மில்லில் தூள் பொட்டலம் கட்டுபவர், இந்த நாட்டிலேயே, பாடாங் மேஹா தோட்டத்தில் பிறந்தவர். பக்கத்து ஊரான சுங்கை பட்டாணியில் காது மெஷின் விற்கும் கடையொன்றுக்கு நானே போனேன். அங்கிருந்த இளைஞர் என்னை எதிரில் உட்கார வைத்து ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பொத்தானைக் கொடுத்து, சத்தம் கேட்டால் அமுக்கச் சொன்னார்.

அங்கே நான் செய்தது ஊரில் இருப்பவர்களுக்குப் புரியாது. என்னைப் போல வேலை பெர்மிட்டில் வந்தவர்களுக்குச் சட்டென்று புரியும். எங்களுக்கு மெடிக்கல் என்பது நோயைக் கண்டுபிடிக்கும் இடமல்ல, பாஸ் ஆகும் இடம். திருச்சியில் விமானம் ஏறுமுன் ரத்தமும் எக்ஸ்ரேயும் எடுத்தபோது, வரிசையில் நின்ற அத்தனை பேரும் எதைக் கேட்டாலும் 'ஒன்றுமில்லை' என்றுதான் சொன்னோம். இங்கே வந்தபின் என் அறையில் தங்கியிருந்த செல்வத்துக்கு நெஞ்சுப் படம் சரியில்லை என்று வந்தது. அவன் பையைக் கட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பிப் போன கோலம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. காது கேட்காதவனுக்குப் பெர்மிட் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்கவும் பயம். அதனால் ஹெட்போனை விட்டுவிட்டு அந்த இளைஞரின் தோளைக் கவனித்தேன். அவர் சத்தம் வைக்கத் தன் பொத்தானைத் தட்டும்போதெல்லாம் வலது தோள் லேசாக அசைந்தது. அசைந்தபோதெல்லாம் அமுக்கினேன். குறை கொஞ்சம்தான், சின்ன மெஷின் ஒன்று வாங்கினால் போதும் என்றார். பாஸ் ஆன பெருமையோடு திரும்பினேன்.

"காப்பியடிச்சிட்டு வந்தீங்களாண்ணே?" மல்லிகா தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த லீவில், தன் அப்பாவுக்குக் காது பார்த்த ஆடியோலஜிஸ்டிடம், அதாவது கேட்கும் திறனைச் சோதிப்பவரிடம், அவரே அழைத்துப் போனார். அந்த ஆடியோலஜிஸ்ட் ஒரு மலாய்ப் பெண்மணி. அவர் கேட்டதையெல்லாம் மல்லிகா தமிழில் சொன்னார். எந்தச் சத்தத்தில் வேலை, எத்தனை வருஷமாக, காதுக்குள் இரைச்சல் உண்டா, யார் குரல் கேட்காதது கஷ்டமாயிருக்கிறது. மகள் குரல் என்றேன். நல்ல ஆடியோலஜிஸ்ட் யார் என்று என்னைக் கேட்டால், மெஷினை எடுத்துக் காட்டுமுன் இவ்வளவும் கேட்பவர் என்பேன். பிறகு சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பி என்னை உட்கார வைத்துக் கதவை மூடினார்.

தோள் இல்லை, கை இல்லை, வெறும் சுவர். பெட்டிக்குள் போட்டுப் பூட்டியதுபோல் இருந்தது. ஹெட்போனில் ஒன்றுமே வரவில்லை. ஒவ்வொன்றாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன் என்று மனம் அடித்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் குத்துமதிப்பாக அமுக்கினேன், திரும்பத் திரும்ப அமுக்கினேன்.

கதவு திறந்தது. "அண்ணே, இப்ப சத்தமே வைக்கலயாம். ஏன் அமுக்குனீங்கன்னு கேக்குறாங்க."

"பாஸ் ஆகணும்லம்மா."

மல்லிகா அதை மலாயில் சொன்னபோது அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர் சொன்னதை மல்லிகா மெதுவாகச் சொன்னார். "இது ஒங்க பேப்பராம். மொதலாளிக்கும் போவாது, பெர்மிட் ஆபீசுக்கும் போவாது. கேக்கலன்னா அமுக்காதீங்க, அவ்ளோதான்." கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ள இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த முதல் இடம் அந்த அறைதான். அழுகை வந்தது. அழுதுவிட்டுத்தான் மறுபடி உட்கார்ந்தேன்.

இரண்டு காதும் போயிருந்தது. மில் சத்தம் செய்த வேலை, போனது திரும்பாது, அங்கிருந்து விலகுவது நல்லது என்றார். எங்கே விலகுவது? என் பெர்மிட்டில் இருப்பது அந்த மில்லின் பெயர். அதை விட்டால் ஊருக்குத்தான் போக வேண்டும், போனால் மகளின் காலேஜ் படிப்பு பாதியில் நிற்கும். இதைச் சொன்னதும் அவர், வேலை நேரத்தில் காதை மூடிக்கொள்ள ஒரு உறையைக் காட்டினார். பிறகு இரண்டு மெஷின்களை என் காதுக்கு ஏற்றபடி சரிசெய்து மாட்டி, வீட்டுக்குப் பேசிப் பார்க்கச் சொன்னார்.

மகள் எடுத்தாள். நான் நினைத்து வைத்திருந்ததைவிடப் பெரிய பெண்ணின் குரலாக இருந்தது. அதற்குப் பின்னால், தள்ளி நின்று என் மனைவி பேசுவதும் கேட்டது.

"எப்ப வர்றாருன்னு கேளேன்டி."

"எத்தன தடவ கேட்டாச்சும்மா. அவருக்குக் கேக்காது. நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாரு." பிறகு மகள் போனுக்குள் உரக்கக் கேட்டாள். "அப்பா, எப்பப்பா வருவீங்க?"

ஒரு எழுத்து விடாமல் கேட்டது. மல்லிகாவும் அந்த அம்மாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா இருக்கேம்மா" என்றேன்.