செபஸ்தி அண்ணன் கொண்டுபோன ஸ்பேட் நாலு

வட்டகொடை ஸ்டேஷன் ஆட்டோ நிறுத்தத்தாருக்கும், அங்கே தேத்தண்ணிக்கு வந்து போவோருக்கும் மிகுந்த துயரத்துடன் அறிவிப்பது: நமது சீட்டுக்கட்டில் ஸ்பேட் நாலைக் காணவில்லை. யாரும் தேட வேண்டாம். அது செபஸ்தி அண்ணனின் சட்டைப் பையில், கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது. பெட்டியை மூடுவதற்கு முன் கும்பிடுவதுபோல் குனிந்து வைத்தது நான்தான்.

செய்தி வந்த காலையில் ஆட்டோக்களோடு ரயிலுக்குக் காத்திருந்தோம். நிறுத்தத்தின் தலைவர் முருகேசு அண்ணன் போனைக் காதிலிருந்து எடுத்து, "செபஸ்தி போயிட்டான்டா" என்றார். "எங்க, ஹட்டனுக்கா?" என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை. நானும் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. அன்றைக்கு ஹட்டனுக்குச் சவாரி போகும் ஹயர் ஒன்று அவருக்கு இருந்தது. நெஞ்சுவலி, ஆஸ்பத்திரி வாசலோடு முடிந்துவிட்டது.

ரயில் பிந்தினால் எங்களுக்குப் போக்கர்தான். கட்டாரில் வேலை செய்த காலத்தில் கற்றுக்கொண்டு வந்து இங்கே இறக்கியவர் செபஸ்தி அண்ணன். ஆளுக்கு இரண்டு சீட்டு கையில். நடுவில் எல்லாருக்கும் பொதுவாக முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு இன்னொன்று. பந்தயம் தேயிலைக் கொட்டை. ஒவ்வொரு சுற்றுக்கும் இத்தனைதான் என்று அளவு உண்டு, வீராப்பில் அள்ளிப் போட முடியாது. ரயில் ஊதும்போது யாரிடம் கொட்டை அதிகமோ அவருக்கு முதல் ஹயர்.

நாங்கள் ராஜாவுக்கும் ஏஸுக்கும் ஏங்குவோம். அவருக்குப் பிடித்தது இரண்டு மூன்று, இரண்டு நாலு என்று ஒரே எண் இரண்டாக வரும் பொடி ஜோடிகள். எதிரே ஒருவர்தான் என்றால் அதையும் வீசிவிடுவார். ஐந்து பேர் ஆட்டத்தில் சேர்ந்தால் மட்டும் சத்தமில்லாமல் அவரும் சேர்ந்துகொள்வார். "சின்ன ஜோடிக்குக் கூட்டம் வேணும்டா. ஆள் நெறைஞ்சா ஏறு. நடுவுல அதே எண்ணுல மூணாவது ஆள் வரலைன்னா அடுத்த பஸ் ஹோல்ட்லயே இறங்கிடு."

"இறங்கினா, போட்ட கொட்டை?"

"அது டிக்கட். பஸ்ஸ விட்டு இறங்குனப்புறம் டிக்கட் காசு திருப்பிக் கேப்பியா?"

பெரும்பாலும் மூன்றாவது வராது, இறங்கிவிடுவார். வந்த அன்றைக்கு ராஜா வைத்திருப்பவர், ஏஸ் வைத்திருப்பவர் எல்லாருமாகச் சேர்ந்து அவருடைய பழைய டிக்கட்டுகளையெல்லாம் கட்டுவார்கள்.

ஒருமுறை அவருடைய கொட்டைகளோடு ஆட்டுப் புழுக்கையைக் கலந்து வைத்தேன். ஒன்றை எடுத்துப் பார்த்தார். கோபமே இல்லாமல் அதையும் நடுவில் வைத்து, "தம்பி வீட்டுச் சொத்து, மதிப்புக் குறைச்சுடாதீங்க" என்றார். அந்த ஆட்டத்திலும் அவர்தான் ஜெயித்தார். புழுக்கையை மட்டும் எனக்குத் திருப்பித் தந்தார்.

எங்கள் நிறுத்தத்தில் ஓர் இடம் காலியானால் அதையும் சீட்டுத்தான் தீர்மானிக்கும். ஏழாம் நாள் பூசை முடிந்ததும், அண்ணனின் மனைவி ஸ்டெல்லா அக்கா அவருடைய ஆட்டோவை ஓட்டிக்கொண்டு வந்து நின்றார்.

"அவர் எடத்துல நான் ஓட்டுறேண்ணே."

"வழக்கம் தெரியும்ல தங்கச்சி?" என்றார் முருகேசு அண்ணன். "என் மச்சான் கேக்குறான். இன்னும் நாலு பேரு கேக்குறாங்க. வெளையாடித்தான் எடுக்கணும்."

"இந்த வண்டி ஓடுனாத்தான் எங்க வீட்டுல ஒல கொதிக்கும்."

அக்கா சீட்டைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை. நான் முன்னே பாய்ந்தேன். "நீங்க ஒக்காருங்கக்கா. செபஸ்தி அண்ணனோட மூளை இப்ப என்கிட்டதான் இருக்கு."

அவருக்காக நான் உட்கார்ந்தேன். ரயில் ஊதியபோது கொட்டை மலை எங்கள் பக்கம். இடம் அக்காவுக்கு. இதுதான் கந்தப்பளை வரை பரவியிருக்கும் கதை. பரப்பியவன் நான். அண்ணனை அறிந்த உங்களிடம் மட்டும் மீதியையும் சொல்லிவிடுகிறேன்.

தொடக்கத்திலேயே எனக்கு இரண்டு நாலு வந்தது. ஆறு பேரும் ஆட்டத்தில். நல்ல கூட்டம், ஏறினேன். நடுவில் விழுந்தவை ராஜா, ஒன்பது, ஜாக்கி. அண்ணனாக இருந்தால் அங்கேயே இறங்கியிருப்பார். நான் அவர் ஞாபகத்துக்காகத் தொடர்ந்தேன். அடுத்தது ராணி. அதற்கும் கட்டினேன். பின்னாலிருந்து அக்கா, "எதுக்குத் தம்பி காத்திருக்க?" என்றார்.

"நாலுக்குக்கா. கட்டுல இன்னும் ரெண்டு நாலு இருக்குல்ல."

சொன்ன பிறகுதான் ஞாபகம் வந்தது. அதில் ஒன்றை நானே மண்ணுக்குள் அனுப்பியிருந்தேன்.

கடைசிச் சீட்டும் ராஜா. முருகேசு அண்ணனின் மச்சான் எல்லாவற்றையும் வாரிக்கொண்டார். எங்களிடம் மிஞ்சியது ஒரு பிடி. அக்கா, "எந்திரி" என்றார். நான் எழுந்த சாக்கு விரிப்பில் அவர் உட்கார்ந்து, வந்த சீட்டையெல்லாம் வீசினார், வீசினார், வீசிக்கொண்டே இருந்தார். அவருக்கு இரண்டு ஆறு வந்தபோது எல்லாரும் ஏறினார்கள், அவரும் ஏறினார். நடுவில் விழுந்த முதல் மூன்றிலேயே இன்னொரு ஆறு. ஐந்து பேரும் கடைசிவரை கட்டினார்கள். தூரத்தில் ரயில் ஊதியது.

"சோறு திங்கும்போதும் அந்த மனுசன் இதையேதான் சொல்லிக்கிட்டிருப்பாரு" என்றார் அக்கா, கொட்டைகளை எண்ணாமல் முந்தானையில் கட்டிக்கொண்டே.

செபஸ்தி அண்ணனிடமிருந்து என்னிடம் இருப்பது "இறங்கிடு" என்ற ஒரே சொல். பத்திரமாக, பாவிக்காமல் வைத்திருக்கிறேன். நேற்றும் எனக்கு இரண்டு நாலு வந்தது. அக்காவின் வண்டி வரிசையில் முதலில் நின்றது. என்னுடையது எங்கே நின்றது என்று கேட்காதீர்கள்.