வெனிஸில் நான் காத்த பூட்ஸ்

இத்தாலி தேசம்வரை போய், இரண்டு ஜோடி பூட்ஸை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிய ஆசாமி ராயபுரத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஐரோப்பாச் சண்டை முடிந்து சில வருஷம் ஆகியிருந்தது. பதனிட்ட தோல் ஏற்றிப் போன கப்பலில் நான் கலாசி. வெனிஸில் சரக்கை இறக்கியாயிற்று. மறுநாள் விடியலில் கப்பல் கிளம்பும். நடுவில் ஒரு பகல் எங்களுக்கு ஓய்வு. கூடவே கரி அள்ளும் தண்டையார்பேட்டை சிநேகிதன், அந்த ஊர்ப் பெரிய மாதா கோயிலின் உட்கூரை முழுக்கத் தங்கம் என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அதே பேச்சாக இருந்தான். குளிருக்காக, எங்கள் தலைவர் செராங்கிடம் கெஞ்சி ஆளுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டோம்.

தெரு இருக்கவேண்டிய இடமெல்லாம் தண்ணீர். எண்ணூர்க் கால்வாயின் இரண்டு பக்கமும் அரண்மனை கட்டி, மூக்கைப் பிடிக்காமல் ஜனங்கள் குடியிருந்தால் எப்படியோ, அப்படி.

கோயில் வாசலில் எங்கள் கால்கள் தாமாகவே பூட்ஸைக் கழற்றிவிட்டன. ராயபுரத்துப் பழக்கம். பின்னாலேயே ராயபுரத்துப் பயமும் வந்தது. திருட்டுப் போனால் செராங் தோலை உரித்துவிடுவார்.

"நீ பாத்துகினு குந்து நைனா. நான் ஒரு கும்பிடு போட்டு வந்துர்றேன், அப்பால நீ போ" என்று சொல்லிவிட்டுச் சிநேகிதன் உள்ளே ஓடினான்.

உட்கார்ந்தேன். புறாக்கள் வந்தன, போயின. ஒரு கிழவி என்னைப் பரிதாபமாகப் பார்த்து, பூட்ஸுக்குள் ஒரு காசு போட்டுவிட்டுப் போனாள். அவன் மட்டும் வரவில்லை. கடைசியில் வந்தபோது, அவன் முதுகுக்குப் பின்னாலேயே கதவைச் சாத்திவிட்டார்கள்.

"நைனா, அந்தக் கூரை கீதே..." என்றான். கண்ணெல்லாம் ஈரம்.

"கூரையும் வாணாம், ஒண்ணும் வாணாம். பூட்ஸ மாட்டு!" என்றேன்.

கப்பலிலும் விடாமல், கையால் காற்றில் வளைவு வளைவாகப் போட்டுச் சொல்லிப் பார்த்தான். நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். கொழும்பில் அவன் வேறு கப்பலுக்கு மாறிப் போனான். கோபம் ஆறிய பிறகு தண்டையார்பேட்டை முழுக்கத் தேடினேன். அவன் போன இடம் யாருக்கும் தெரியவில்லை.

பிற்பாடு மூர் மார்க்கெட்டில் அந்தக் கோயிலின் படம் ஒன்று கிடைத்தது. வாசலுக்கு மேலே நாலு வெண்கலக் குதிரைகள். அவற்றின் அடியில்தான் நாளெல்லாம் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு தடவைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

படத்தைக் காட்டியதும் என் சம்சாரம், "உள்ள இன்னா கீது?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். "அந்த ஊரு சனங்க செருப்ப எங்க வுட்டாங்க?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். அந்த வாசலில் எங்கள் இரண்டு ஜோடியைத் தவிர வேறு எதுவும் இல்லை. எல்லாரும் பூட்ஸோடுதான் உள்ளே போனார்கள்.

அவள் சிரிக்கவில்லை.

"சரி, கண்ணுதான் பூட்ஸுக்குக் காவலு. காதுக்கு இன்னாய்யா வேல? அந்த மன்சன் சொன்னதையாவது கேட்டுருக்கலாமில்ல?"