பலாச் சீசனில் வந்த சர்க்கரை

எட்டாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதற்குப் பிறகு எந்த ஊரிலும் ஒரு வருஷத்துக்கு மேல் தங்கியதில்லை. திருப்பூரில் சாயப்பட்டறை, ஹைதராபாத்தில் பரோட்டாக் கடை, கடைசியாக நெல் அறுக்கும் மிஷினில் ஆபரேட்டர் வேலை. மிஷின் ஓடாத நாட்களில் ஆலங்குடிப் பக்கம் இருக்கும் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். சித்திரை பிறந்தால் அங்கே பலாப்பழ வேலை கிடைக்கும். சும்மா உட்கார்ந்து சாப்பிட வேண்டியதில்லை.

அந்த வருஷம் ராய்ச்சூருக்கு மிஷின் கிளம்புவதாக முதலாளி போன் பண்ணியிருந்தார். திங்கட்கிழமை விராலிமலையில் வந்து வண்டி ஏறச் சொன்னார். எனக்குக் கால் பரபரத்தது. அக்காவுக்குத்தான் மனசு இல்லை. எங்கள் அப்பாவுக்குச் சர்க்கரை. அது தெரியவந்தபோதே ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது. மறு வருஷம் போய்விட்டார். நான் இளைத்துப்போனதையும், சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடிப்பதையும் அக்கா கவனித்துக்கொண்டே இருந்தாள். வெயிலில் மரம் ஏறுகிறவனுக்குத் தாகம் எடுக்காதா என்று கேட்டால் காதில் வாங்க மாட்டாள்.

மச்சான் துபாயில் இருக்கிறார். ஊருக்கு வந்த ஆள் ஒருவரிடம், வீட்டிலேயே சர்க்கரை பார்க்கிற சின்ன மிஷினைக் கொடுத்தனுப்பியிருந்தார். சனிக்கிழமை மத்தியானம் நானும் பக்கத்து வீட்டு அண்ணியும் மரத்தடியில் பழத்தைப் பிளந்து சுளை எடுத்துக்கொண்டிருந்தோம். பிசின் ஒட்டாமலிருக்கக் கை நிறையத் தேங்காயெண்ணெய். அக்கா மிஷினோடு வந்து நின்றாள். கையைத் துணியில் துடைத்துக்கொண்டு விரலை நீட்டினேன். 386 என்று காட்டியது.

அக்கா அழவில்லை. நேரே உள்ளே போனாள். என் பையைத் தூக்கி பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். என் போனை எடுத்து முதலாளியைக் கூப்பிட்டு, தம்பி வர மாட்டான் என்று அவளே சொன்னாள். அதோடு நிற்காமல், ஆளைப் பட்டினி போட்டு வேலை வாங்கினால் இப்படித்தான் ஆகும் என்று அவரையும் ஒரு பிடி பிடித்தாள்.

"இன்னமே நீ எங்கிட்டும் போக வேணாம். எங் கண்ணு முன்னாடியே கெட" என்றாள் என்னிடம்.

மழையில் லாரித் தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருக்கிறேன். ரெண்டு நாள் சாப்பிடாமலும் இருந்திருக்கிறேன். அதெல்லாம் பெரிதாகத் தெரியவில்லை. மாத்திரை டப்பாவோடு ஒரே வீட்டில் கிடக்க வேண்டும் என்பதைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

எதற்கும் பார்ப்போமே என்று அண்ணியும் விரலை நீட்டினார். 412. காலையில் எங்களோடு சேர்ந்து சுளை எடுத்திருந்த அக்கா தன் விரலையும் குத்திப் பார்த்தாள். 340. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்.

"மரத்துக்கே சர்க்கரை வந்துருச்சு போலங்க" என்றார் அண்ணி.

ஓட்டை மிஷினை அனுப்பியதற்காக மச்சானைத் திட்ட அக்கா வீடியோவில் கூப்பிட்டாள். அவர் எங்கள் கைகளைக் காட்டச் சொன்னார். காட்டினோம். அவ்வளவுதான், மனுஷனால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினீர்களா என்று கேட்டார். துடைத்துவிட்டுத்தான் குத்தினேன் என்றாள் அக்கா.

"பலாச்சொளைய அளந்துட்டு என்னையத் திட்டுறியா?" என்றார். காலையில் காபி குடிப்பதற்கு முன்னால், சோப்புப் போட்டுக் கழுவி ஈரம் போகத் துடைத்துவிட்டுப் பார்க்கச் சொன்னார். நூறுக்குள் இருந்தால் பயமில்லையாம்.

ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு 92. அண்ணிக்கு 95. இன்றைக்குப் பாயசம் வைக்கப்போவதாகச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். அக்காவுக்கு 121. வேறு விரலில் எடுத்தோம், 119.

"இதுவும் பழந்தாண்டா" என்றாள். கையில் சோப்பு வாசனை அடித்தது.

கொஞ்ச நாளாக அவள் ராத்திரியில் ரெண்டு மூன்று தடவை எழுந்து போவதும், மத்தியானம் ஆனால் சுருண்டு படுப்பதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. வெக்கை என்று அவளே சொல்லிக்கொண்டிருந்தாள். நான் இளைத்ததைப் பார்த்தவள் தன்னைப் பார்த்துக்கொள்ளவில்லை.

திங்கட்கிழமை விராலிமலைக்குப் போகவில்லை. இருவரும் ஆலங்குடி ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா கையில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, சர்க்கரை இன்னும் வரவில்லை, வாசலில் நிற்கிறது என்றார். இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். சோற்றைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், மூன்று மாதம் கழித்து மறுபடி வந்து பார்க்க வேண்டும். திரும்பி வரும்போது பஸ்ஸில் அக்கா ஆஸ்பத்திரிச் சீட்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

"அப்பாவுக்கு யாருடா இப்புடிக் குத்திப் பாத்தா" என்றாள். இடுப்பிலிருந்த சாவியை எடுத்து என் கையில் வைத்தாள்.

முதலாளிக்குப் போன் போட்டேன். அக்கா பேசியதில் பாதி புரியவில்லை, நேராக ராய்ச்சூருக்கு வந்து சேர் என்றார்.

கிளம்பிய அன்று அக்கா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே நடந்து வந்தாள். நான் ஏறியதும் திரும்பி வீட்டுக்குப் போவாள் என்று பார்த்தால், அதே ரோட்டில் மேற்கொண்டு நடந்தாள். ஆள் ஏற்றி முடித்துக் கிளம்பிய பஸ் வளைவில் அவளைத் தாண்டியபோது ஜன்னலில் தலையை நீட்டிக் கூப்பிட்டேன்.

"பேச்சுக் குடுக்காத, மூச்சு வாங்குது" என்று சொல்லிவிட்டுக் கையை வீசி நடந்துகொண்டே இருந்தாள்.