வெள்ளிக்கிழமை போன பணம்

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த அந்த மனிதரைப் பார்த்தவுடனேயே எனக்குப் பிடிக்கவில்லை. நெற்றி நிறையத் திருநீறு, வாயைத் திறந்தால் எரிச்சல். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், மவுஸை மேசையில் தட்டிக்கொண்டே பேசுவார்.

என் வீட்டுக் கணக்கு சாஃப்ட்வேரில், பேங்கிலிருந்து டவுன்லோட் செய்த செலவுகளும் நான் பதிந்தவையும் பொருந்தாமல், பல செலவுகள் இரண்டு தடவை நின்றன. அதைச் சரிசெய்யத்தான் ஒரு சாயங்காலம் லேப்டாப்போடு அவர் கடைக்குப் போனேன்.

"ஏம்மா, வெள்ளிக்கிழமை போன பணத்தையெல்லாம் எதுக்கு சனிக்கிழமைன்னு ஏத்தி வச்சிருக்க?"

"வெள்ளிக்கிழமை வூட்டுலேருந்து காசு வெளிய போனதா எழுத மாட்டோங்க."

"நீ எழுதலைன்னா போகலைன்னு ஆயிடுமா? படிச்சவ செய்யிற வேலையா இது?"

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

தேதிகளை மாற்றி, இரட்டைப் பதிவுகளை ஒன்றாக்கிவிட்டு முந்நூறு கேட்டார். ஐநூறு ரூபாய்த் தாளைக் கொடுத்தேன். கல்லாவில் போட்டுப் பூட்டினார்.

"மீதிங்க?"

"நாளைக்கு வந்து வாங்கிக்க. வெள்ளிக்கிழமையும் அதுவுமா, வெளக்கு வச்ச நேரத்துல கல்லாவுலேருந்து காசு எடுத்துக் குடுக்க மாட்டேன்."

அப்போதும் அவர் நிமிரவில்லை. அந்த முகத்தில் கொஞ்சமாவது வெட்கம் இருந்ததா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.